கவைக்குதவாத பேச்சு

மழை. செவ்வாய்க்கிழமை.
சிலேட்டு வெட்டி வெட்டியே பாதியாகிப்போன
வட வேல்ஸ் மலையொன்றின் அடியில்
நெரிஸின் பட்டறைக் கதவை
முன்சக்கரத்தால் முட்டித் திறக்கிறான் இட்வால்.

"லேசாக இறுகுது, அவ்வளவுதான்.
ஓட்டி வந்ததும் கழுவித் துடைச்சுத்தான் வைப்பேன்.
போன வசந்தத்தில்கூடப் பிரிச்சு ஆயில் மாத்தினேன்.
ஓடினது ஐம்பது மணி நேரம் இருக்கும்.
மேல் குவாரிச் சரிவு தெரியும்ல, அந்தக் கறுப்புத் தடம்,
அதில பிரேக்கே தொடாம..."

நெரிஸ் கெட்டிலைப் போட்டுவிட்டு
சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டுகிறாள்.
அவன் போகிறான். பேச்சு
இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது.

முதலில் காற்று.
வால்வு மூடியைத் திருகி, பம்பைப் பொருத்தி, முள்ளைப் பார்க்கிறாள்.
நூற்றுப் பதினெட்டு.
எழுபது கிலோ ஆளுக்கு!
குத்தூசியால் அழுத்த
பூனைபோல் சீறி, சீறி,
அடங்குகிறது.

அடித் திருகுகளை மூன்று சுற்றுத் தளர்த்தி
ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு.
வரவில்லை.
இன்னொன்று.
நனைந்த பூட்ஸ் கழல்வதுபோல
கீழ்க்கால்கள் இரண்டும் கையோடு வருகின்றன.

தட்டில் ஆயில் விழ வேண்டும்.
இடக்காலிலிருந்து விழுவது நாலு சொட்டு,
எச்சில் தொட்டு அழித்த சிலேட்டின் நிறத்தில்.
வலக்காலிலிருந்து தண்ணீர்.
வெறும் தண்ணீர்.
போன வசந்தம்
இந்தக் குழாய்க்குள் வரவே இல்லை.

நுரை வளையங்கள் ரொட்டி ஓரம்போல் காய்ந்து கிடக்கின்றன.
சீலை நெம்பினால்
அதன் உதட்டில் ஒட்டியிருக்கிறது மலை, பொடியாக.
ஆனால் மேல்குழாய்!
இதற்கென்றே வளர்த்த சுண்டுவிரல் நகத்தால்
மேலிருந்து கீழாக வருடுகிறாள்.
ஒரு கீறல் இல்லை.
நூற்றெழுபது மில்லிமீட்டர் அமுங்கக்கூடிய கவை.
எவ்வளவு அமுங்கியது என்று சொல்லும் ரப்பர் வளையம்
அறுபதிலேயே நிற்கிறது.
அதற்கு மேலே பொன் பூச்சு
கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தபடி.
கறுப்புத் தடத்தில் இந்த சைக்கிளை
யாரோ கைபிடித்து
நடத்தியே கூட்டிப்போயிருக்கிறார்கள்.

கவைக்குதவாத பேச்சு என்று நம்மில் சொல்வதுண்டு.
சொன்னவர் எவரும்
இப்படியொரு கவையைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்.

நெரிஸ் சிரிக்கவில்லை.
வளையங்களை ஆயிலில் ஊறப் போடுகிறாள்.
குழாய்களின் உட்புறம் துணி சுற்றிய குச்சியை விட்டு
துணி வெள்ளையாகத் திரும்பும்வரை துடைக்கிறாள்.
(ஏழு துணி.)
புது சீல்களை முடியளவும் சாயாமல் தட்டி இறக்குகிறாள்.
தலைகீழாகத் திருப்பி
சிரிஞ்சில் பத்து மில்லி இடக்காலுக்கு,
பத்து வலக்காலுக்கு.
திருகு. முறுக்கு. அளவுச்சாவி
'டக்' என்றதும் நிறுத்து.

மறுபடி காற்று.
எழுபது கிலோவுக்கு எழுபத்தைந்து போதும்.
எழுபத்தைந்தில் பம்பை எடுத்தவள்
கொஞ்சம் நிற்கிறாள்.
அவன் ஒளிந்திருந்த சுவர் அது.
திரும்ப ஏற்றிவிடலாமா?
கெட்டில் எப்போதோ கொதித்து ஆறிவிட்டது.
ரசீதில் சீல், ஆயில், கூலி என்று எழுதுகிறாள்.
காற்று என்று எழுதி
அடித்துவிடுகிறாள்.

அடுத்த வியாழக்கிழமை.
அதே மழை, அல்லது அதன் தம்பி.
கதவு மெதுவாகத் திறக்கிறது. இட்வால்.
காதுக்குள் சேறு. கீழுதட்டில் வெடிப்பு.
ஒரு பெடல் இல்லை.
வாயே திறக்காமல் சைக்கிளை அவள் பக்கம் தள்ளுகிறான்.

குனிந்து பார்க்கிறாள்.
வளையம் குழாயின் உச்சியில்,
அதற்கு மேல் போக இடமில்லாமல்.
ஒற்றை விரலால் அதைக் கீழே இறக்கி
சீலின் மேல் உட்கார வைக்கிறாள்.

"எத்தனை மணி நேரம் ஓடியது?"

கையுறையைக் கழற்றுகிறான்.
யோசிக்கிறான்.
"ஒன்றேகால்.
அதில் கால் மணி நேரம்
கீழே கிடந்தேன்."